மூச்சு விடாத மாப்பிள்ளையும் பிடி விடாத மச்சானும்

ஆனைவிளை சுயம்புலிங்கம் குதிரைவிளை ஞானதிரவியத்தின் இடது கணுக்காலை எட்டிப் பிடித்தபோது மைதானத்தோரத்து வேப்பமரம் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது, விட்டபோது அதே மரம் இன்னொரு தடவை பூத்து முடித்திருந்தது, இடைப்பட்ட காலம் முழுக்கச் சுயம்பு பிடியை விடவில்லை, திரவியம் மூச்சை விடவில்லை என்றுதான் இரண்டு ஊரும் இன்றைக்கும் சொல்கின்றன, ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சீரழிந்தவள் சுயம்புவின் தங்கையும் திரவியத்தின் பெண்டாட்டியுமான சொர்ணபுஷ்பம் என்பதை இரண்டு ஊரிலும் ஒருத்தனும் சொல்வதில்லை.

சொர்ணம் குதிரைவிளை முக்கில் பிராய்லர் கடை வைத்திருந்தாள். நைட்டிக்கு மேலே புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, காலையில் ஐந்து கோழியும் ஞாயிற்றுக்கிழமையானால் ஐம்பது கோழியும் வெட்டுகிறவள், கால் கிலோ கேட்டு வந்தவன் அவள் முறைப்பதைப் பார்த்துவிட்டு அரைக் கிலோவாக வாங்கிப்போவான். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனும் அண்ணனும் கல்யாணமான மறுவாரத்திலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. காரணம் ஒரு எலும்பு. மறுவீட்டு விருந்தில் ஆட்டுக்கறிக் குழம்பில் மிச்சமிருந்த ஒரே நல்லி எலும்பு புது மாப்பிள்ளை இலையில் விழாமல் மச்சான் இலையில் விழுந்துவிட்டது, அது கரண்டியின் தப்பு, சுயம்பு அதை எடுத்து மாப்பிள்ளை இலையில் வைத்திருக்கலாம், வைக்கவில்லை, உறிஞ்சிவிட்டான், திரவியமாவது பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம், இருக்கவில்லை, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டான். அன்றைக்கு எழுந்தவன் அந்த வாசல் பக்கம் திரும்பவில்லை. உறிஞ்சியவனும் இந்த வாசல் பக்கம் வரவில்லை.

அவர்கள் பேசாமல் இருந்தால் சொர்ணத்துக்கு என்ன, அவள் பாட்டுக்குக் கோழி வெட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் சுபிக்ஷா பிறந்துவிட்டாள். பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மாமன் மடி இல்லாமல் காது குத்துகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் ஏழைபாழைக்குக்கூடக் கிடையாது. "எம் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும், வாரேன்" என்றான் சுயம்பு. "தாய்மாமனுக்கு எதுக்குவே அழைப்பு? அவனா வரட்டும்" என்றான் திரவியம். பிள்ளைக்கு மூன்று வயது முடியப்போகிறது, தலை நிறையப் பிறந்த முடி, காது மொழுமொழுவென்று வெறுங்காது, "இன்னும் காது குத்தலியா?" என்று கோழி வாங்க வருகிற பெண்கள் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அவளுக்குக் காது கேக்குதுல்லா, அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சொர்ணம் கத்தியை ஓங்கிப் போடுவாள்.

அவள் ஒரு காரியம் செய்தாள், நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வருஷா வருஷம் ஆனைவிளைக்கும் குதிரைவிளைக்கும் கபடி நடக்கும். குதிரைவிளைக்குப் பாடிப்போகிறவர்களில் திரவியத்தை மிஞ்ச ஆளில்லை, ஆனைவிளையில் கால் பிடிக்கிறவர்களில் சுயம்புவை மிஞ்ச ஆளில்லை. கொடை அன்று காலையில் புருஷனை முன்னால் நிறுத்தி, அண்ணனைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள்: "இன்னைக்கு ஆட்டத்துல தோத்தவிய ஜெயிச்சவிய வாசல்ல போயி நிக்கணும். உள்ள வாங்கன்னு கூப்பிடுற வரைக்கும் நிக்கணும். மானம் ரோசம் உள்ளவியளா இருந்தா சம்மதம்னு சொல்லுங்க." மானம் ரோசம் என்றதும் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு சம்மதம் என்றன. அந்த ஊர்களில் வழக்கு முடியாது, பாலம் கட்டி முடியாது, டிவி சீரியல் முடியாது, ஆட்டம் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று அவள் நம்பினாள். அதுதான் அவள் செய்த பிசகு.

மைதானம் இரண்டு ஊருக்கும் நடுவில், தார்ரோட்டை ஒட்டி, செக்கச்செவேலென்ற தேரிமணல். அங்கே ஊர் ரூல்தான். பி.டி. வாத்தியார் தனசிங் ஒருமுறை ஸ்டாப் வாட்சைக் கொண்டுவந்து, ரெய்டுக்கு இத்தனை நொடி என்று இப்போதெல்லாம் கணக்கு உண்டு என்று சொல்லிப்பார்த்தார், எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஊரும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் வாட்சைப் பிடுங்கிக் குளத்தில் போட்டன. மூச்சு உள்ளவரை ரெய்டு, மூச்சு விட்டால் அவுட். அவுட்டானவன் அவுட்டானவன்தான், மறுபடி உள்ளே வருவது கிடையாது. அப்படி ஒவ்வொருத்தனாய் உதிர்ந்து, பொழுது சாயும் நேரத்துக்கு இந்தப் பக்கம் திரவியம் ஒருத்தன், அந்தப் பக்கம் சுயம்பு ஒருத்தன் என்று ஆட்டம் வந்து நின்றது, ஒத்தைக்கு ஒத்தை.

திரவியம் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கபடி கபடி என்று பாடிப்போனான். சுயம்புவின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினான், சுயம்பு பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான், திரவியம் குப்புற விழுந்து கையை நீட்டினான், நடுக்கோட்டுக்கும் அவன் நடுவிரலுக்கும் இடையில் ஒரு ஜாண் இருந்தது. கோட்டைத் தொட்டால் குதிரைவிளை, மூச்சு விட்டால் ஆனைவிளை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. திரவியம் கபடி கபடி என்றான். கூட்டம் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்தது. திரவியம் கபடி கபடி என்றான். கூட்டம் கடலை வாங்கித் தின்றது, ட்யூப் லைட்டைப் போட்டது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பல் விளக்கிக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் திரவியம் அதே மூச்சில் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டிருந்தான், தனசிங் வாத்தியார் வாயில் விசிலோடு பக்கத்தில் குனிந்து நின்றபடியே இருந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் வந்தார். நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துப் பார்த்தார். "மூச்சு வெளிய போகுது, உள்ள வரல. மத்தபடி நல்லா இருக்கார்" என்றார். பி காம்ப்ளக்ஸ் எழுதிக் கொடுத்தார். சுயம்புவுக்கும் கொஞ்சம் எழுதச் சொன்னார்கள், அவனுக்கும் எழுதினார். வந்தது வந்துவிட்டீர்கள் என்று ஊரில் சர்க்கரை உள்ளவர்கள் எல்லாம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டார்கள். அதோடு மருத்துவம் முடிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சொர்ணத்தின் தலையில் விழுந்தது. காலையில் கடையைத் திறக்குமுன் ஒரு தூக்குவாளி இட்லியோடு வந்து அண்ணனுக்குப் பல்பொடி போட்டுப் பல் விளக்கி, இட்லியைப் பிட்டு ஊட்டுவாள். புருஷனுக்குக் கப என்பதற்கும் டி என்பதற்கும் இடையில் கிடைக்கிற சந்தில் கடுங்காப்பியைச் சொட்டுச் சொட்டாக விடுவாள், அதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும், முதல் வாரம் பாதிக் காப்பி மூக்கில் போனது. மற்றக் காரியங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள், செய்தவள் அவள், பதில் வேண்டுமென்றால் அவளிடம் கேட்கலாம், அவள் கையில் கத்தி இருக்கும்.

ஒருவர் காலை ஒருவர் கட்டிக்கொண்டு கிடந்தும் அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. "ஏட்டி சொர்ணம், உன் வீட்டுக்காரன்ட்ட சொல்லு, பெருவிரல் நகம் வளந்துட்டு, என் கையில குத்துதுன்னு" என்பான் சுயம்பு. "அண்ணே, அவிய காது இங்கனதான இருக்கு?" என்பாள். "நான் உன்கிட்டதான் சொன்னேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். திரவியம் கபடி என்பான். அந்த ஒரு சொல்லில் அவனுக்குப் பசி கபடி இருந்தது, எரிச்சல் கபடி இருந்தது, பிள்ளை எங்கே என்று கேட்கிற கபடி இருந்தது, சொர்ணத்துக்கு எல்லாம் விளங்கும், கல்யாணமான நாளிலிருந்து அவன் இதைவிட அதிகமாக எதுவும் பேசியதில்லை. நகத்தை வெட்டிவிட்டுக் கடைக்கு ஓடுவாள்.

இதற்குள் ஊர் பழகிவிட்டது. பழகியதோடு விட்டார்களா, அதை ஒரு வசதியாக ஆக்கிக்கொண்டார்கள். ரோட்டில் புதிதாக வந்த பஸ் ஸ்டாப்புக்கு ஆனைவிளை விலக்கு என்று பேர் வைப்பதா, குதிரைவிளை விலக்கு என்று வைப்பதா என்று மண்டை உடைகிற நிலைமையில் சண்டை இருந்தது. "ரெய்டு முடியட்டும், ஜெயிக்கிற ஊர் பேரை வைப்போம்" என்றார் கொடைக் கமிட்டித் தலைவர் செந்தூர்பாண்டி. அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. பிறகு குளத்து மீன் யாருக்கு என்ற வழக்கு வந்தது, ரெய்டு முடியட்டும் என்றார்கள். இந்த ஊர்ப் பையனும் அந்த ஊர்ப் பெண்ணும் காதலித்துப் பிடிபட்டார்கள், ரெய்டு முடியட்டும் என்றார்கள். அண்ணன் தம்பி சுவர்ச் சண்டை, மாமியார் மருமகள் அடுப்புச் சண்டை, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் யார் பிள்ளை பாரதமாதா வேஷம் போடுவது என்கிற சண்டை எல்லாம் அந்த ஒரு ஜாண் இடைவெளியில் கொண்டுவந்து அடுக்கப்பட்டன. அரிவாள் எல்லாம் துருப்பிடித்தது. போலீஸ் ஸ்டேஷனில் ஈ ஓட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வாரா வாரம் வந்து திரவியத்தின் தலைமாட்டில் ஒரு இளநீரை வைத்துவிட்டு, "விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று இருவருக்குமே சந்தேகம்.

டிவிக்காரர்கள் வந்தார்கள். ஒரு சேனலில் ராத்திரி விவாதம் வைத்தார்கள், மோதல் நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று. நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் கத்தினார்கள், அதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. பட்டணத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒருத்தர் ஒரு பஸ் நிறையக் கம்ப்யூட்டர் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "இந்தக் கையைப் பாருங்க, இந்தப் பிடியைப் பாருங்க, உங்க டார்கெட்டை நீங்க இப்பிடிப் பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பிள்ளைகள் வேப்பமர நிழலில் தூங்கிவிட்டன. "அந்தக் கையை நான் தெனமும் சோப்புப் போட்டுக் கழுவுதேன், எனக்கு ஒரு டார்கெட்டும் வரலியே" என்று கேட்டாள் சொர்ணம். கோட்டுக்காரர் கோழி நல்லாயிருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அப்புறம் நேர்ச்சை தொடங்கியது. பேச்சு வராத பிள்ளைகளைத் திரவியத்தின் வாயருகே உட்காரவைத்தார்கள், இளைப்பு நோய்க்காரர்கள் அவன் முதுகில் மஞ்சள் துணி போர்த்தினார்கள், தேர்தலில் நிற்கிறவர்கள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். புருஷன் கையை விட்டுப் போய்விடுவான் என்று பயந்த பெண்கள் சுயம்புவின் மணிக்கட்டில் வளையல் போட்டார்கள், முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், சீமந்தத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி அவன் மினுங்கிக்கொண்டு கிடந்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது. சொர்ணம் சோறு ஊட்டும்போது, "அந்தப் பச்சை வளையல் உடஞ்சிராம பாத்துக்க பிள்ள" என்றான். அவளுக்கு அப்போதே நெஞ்சில் ஒரு சந்தேகம் தட்டியது, ஆனால் கடையில் ஆள் காத்திருந்தது, ஓடிவிட்டாள்.

கடைசியில் அவள் செந்தூர்பாண்டியிடம் போய் நின்றாள். "அண்ணாச்சி, போதும். சமம்னு சொல்லி எழுப்பி விடுங்க. எம் பிள்ளைக்குக் காது குத்தணும்."

செந்தூர்பாண்டி நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். "ஏம்மா, ஊரு அமைதியா இருக்கது உனக்குப் புடிக்கலியா? இது முடிஞ்சா பஸ் ஸ்டாப்புல தொடங்கி அடுப்பங்கரை வரைக்கும் வெட்டுக்குத்து ஆகிரும். அவிய பாட்டுக்குக் கெடக்கட்டும். நாங்க ஷெட்டு போடப் போறோம், டைல்ஸ் பதிக்கப் போறோம். சுத்தி கிரில் வச்சுக் கதவு போட்டுப் பூட்டிட்டா ஆடு மாடு உள்ள வராது. வார வெள்ளிக்கிழம கிரில் மாட்டுதோம். உனக்கும் ஒரு பாஸ் தாரோம், காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி."

"எம் புருஷனுக்கு இட்லி குடுக்க எனக்குப் பாஸா?"

"இட்லி உங்க அண்ணனுக்குத்தானம்மா. அவருக்குக் காப்பிதான" என்று திருத்தினார் செந்தூர்பாண்டி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிரில் ஏற்றிய வண்டி வந்து ரோட்டோரம் நின்றது. வெல்டிங்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உச்சி வெயில், நேர்ச்சைக்காரர்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார்கள், தனசிங் வாத்தியார்கூட விசிலை வாயில் வைத்தபடி நின்றுகொண்டே கண் அசந்துவிட்டார். கடையை அடைத்துவிட்டு மோர் கொண்டுவந்த சொர்ணம் மைதானத்து ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

சுயம்பு தூங்கிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்துகொண்டு, வளையல் போட்ட இரண்டு கையையும் கன்னத்துக்கு அடியில் கூப்பி வைத்துக்கொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். திரவியத்தின் காலை எந்தக் கையும் பிடித்திருக்கவில்லை. அவன் எழுந்து நடந்தே போய்க் கோட்டைத் தொட்டிருக்கலாம், ஒரு ஜாண்தானே, நீட்டினாலே தொட்டிருக்கலாம். அவன் தொடவில்லை. நீட்டிய கையை மடக்கி மூக்கைச் சொறிந்துகொண்டான், மறுபடி அதே இடத்தில், மணலில் பதிந்திருந்த அதே பள்ளத்தில், கோட்டுக்கு ஒரு ஜாண் தள்ளிப் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்தான். தாலாட்டுகிற மாதிரி தணிந்த குரலில் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சுயம்பு புரண்டு முனகியபோது, திரவியம் காலை மெல்லப் பின்னால் நகர்த்தி, சத்தம் காட்டாமல், மச்சானின் கைக்கு எட்டுகிற இடத்தில் கணுக்காலை வைத்தான். தூக்கம் கலைந்த சுயம்பு தடவிப் பார்த்தான், கால் இருந்தது, பிடித்துக்கொண்டான், காலில் உட்கார்ந்த ஈயை ஊதி விரட்டினான், மறுபடி கண்ணை மூடினான்.

சொர்ணத்துக்கு முதலில் நெஞ்சு இளகிப்போனது. பார்த்துக்கொள்ளாமல் கிடந்த இரண்டு பேர், ஒருவனை ஒருவன் தோற்கவிட மனசில்லாமல் இப்படிக் கிடக்கிறார்களே என்று கண் கலங்கிவிட்டது. ஜெயித்தால் மற்றவன் வந்து வாசலில் நிற்க வேண்டும், அதை இவன் பார்க்க வேண்டும், அதற்கு இவனுக்கு மனசில்லை, ஆனால் தானாகப் போய் நிற்கவும் இவனுக்கு மனசில்லை. இந்த நினைப்பு ஓடி முடிவதற்குள் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் விளக்கிய பல், வெட்டிய நகம், சொட்டுச் சொட்டாய் விட்ட காப்பி, அள்ளியது, கழுவியது, "அம்மா, அப்பா எப்ப வருவாவ?" என்று பிள்ளை கேட்கும்போதெல்லாம் சொன்ன பொய், எல்லாம் இவர்களுடைய பெருந்தன்மைக்கு அவள் செய்த கூலியா? இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மகாத்மாவாய் இங்கே படுத்துக் கிடக்க, வெறுங்காதோடு அங்கே ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறதே, அது யார் பிள்ளை?

மோர் வாளியைக் கீழே வைத்தாள். நைட்டியைத் தூக்கிச் செருகினாள், சட்டைக் கையை மடித்துவிட்டாள், தனசிங் வாத்தியாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சார், இந்த ஆட்டத்துல நான் பாடிப்போகலாமா? ரூல்ல இருக்கா?"

தனசிங் திருதிருவென்று விழித்தார். விசிலை எடுக்காமலே வாயோரத்தால் பேசினார். "எந்த டீம்ம்மா?"

"எந்த டீமும் இல்ல. நான் எனக்காக வாரேன்."

ஊர் ரூலில் அதற்கு விரோதமாக எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் தனசிங்குக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்திருக்காது, ஒரு வருஷமாகக் குனிந்த முதுகு அவருக்கு, வீட்டுக்குப் போக வேண்டும். தலையை ஆட்டினார்.

சொர்ணம் குதிரைவிளைப் பக்கமிருந்து வந்து கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், அது சாதாரண மூச்சு, எல்லாருக்கும் கிடைக்கிற அளவு மூச்சுதான். கபடி கபடி என்று உள்ளே போனாள். திரவியத்தின் உச்சந்தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள், அவனைத் தாண்டிப்போய்ச் சுயம்புவின் முதுகில் மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அறை விட்டாள், திரும்பினாள்.

வேப்பமரத்தடி முழுக்க எழுந்து உட்கார்ந்தது. மூளை யோசிக்குமுன் உடம்பு ஆடிவிடுகிற ஆட்டம் அது. வந்த ஆள் தொட்டுவிட்டுத் தப்பிக்கிறது என்று இரண்டு பேரின் உடம்புக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அத்தனை காலமாக ஓடிக்கொண்டிருந்த கபடி அறுந்தது, திரவியம் வாயைத் திறந்து கத்தினான்:

"மச்சான், விடாதேயும்! காலப் பிடியும், காலப் பிடியும்!"

"நீரு இடுப்பப் பிடியும் மாப்ளே!" என்று கத்திக்கொண்டே சுயம்பு மாப்பிள்ளை காலை விட்டுத் தங்கச்சி காலில் பாய்ந்தான்.

வளையல் பாதி சலசலவென்று நொறுங்க ஒருத்தன் கணுக்காலையும், ஒருத்தன் இடுப்பையும் கட்டிக்கொண்டார்கள். இவ்வளவு காலம் ஒருத்தனை ஒருத்தன் மல்லுக்கட்டி அலுத்த இரண்டு ஆம்பிளைகளும் ஒரு பொம்பிளையைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததும் எவ்வளவு அழகாக ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும், கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி ஒரு கட்டுக் கட்ட மாட்டார்கள். சொர்ணம் குப்புற விழுந்தாள். கோழி வெட்டிக் காய்த்த கையை மணலில் ஊன்றி இழுத்தாள். ஒரு முழம் நகர்ந்தாள், இரண்டு பேரும் அவளோடு சேர்ந்து நகர்ந்தார்கள். கபடி என்றாள். நெஞ்சில் காற்று அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, கண்ணில் பூச்சி பறந்தது, அவளுக்கு எந்த அதிசயமும் நடக்கவில்லை. கபடி என்றாள். கடைசிக் கபடியில் கப மட்டும்தான் சத்தமாக வந்தது, டி வரும்போது நடுவிரல் சுண்ணாம்பில் பட்டுவிட்டது.

தனசிங் விசிலை ஊதினார். முதலில் வெறும் எச்சில்தான் வந்தது, அப்புறம் சத்தம் வந்தது, பிறகு அவர் நிறுத்தவே இல்லை, அழுதுகொண்டே ஊதினார்.

"ரெண்டு பேரும் அவுட்டு!"

செந்தூர்பாண்டி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "செல்லாது! செல்லாது! அப்ப எந்த ஊருவே ஜெயிச்சது?" யார் முதலில் விட்டது, மூச்சா பிடியா என்று அந்த இடத்திலேயே ஆரம்பித்தார்கள், சட்டையைப் பிடித்தார்கள், பஸ் ஸ்டாப்புக்கு யாரோ ஓடினார்கள், காதல் ஜோடி சந்தடி சாக்கில் அதே பஸ் ஸ்டாப்பில் பஸ் ஏறிப் போய்விட்டது, கிரில் ஏற்றி வந்த வண்டிக்காரன் நிலைமையைப் பார்த்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தான். சொர்ணம் எழுந்து மணலைத் தட்டிவிட்டாள். மூச்சு வாங்கியது. இரண்டு பேரையும் பார்த்தாள்.

"தோத்தவிய ஜெயிச்சவிய வாசல்ல வந்து நிக்கணும். மானம் ரோசம் உள்ளவியதான ரெண்டு பேரும்?"

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். பின்னால் இரண்டு பேரும் வருகிறார்கள் என்று பேச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. "நீரு ஏம்யா பாட்ட நிறுத்துனீரு?" என்றது ஒரு குரல். "நீரு தூங்குனீரே, நான் சொன்னனா?" என்றது இன்னொன்று. வாய் ஓயவில்லை. வழியில் டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டும் வந்தார்கள். மொளகாப்பொடி, பொரிகடலை, சர்க்கரைப் பொட்டலம், கையில் கிடைத்ததை எல்லாம் வாங்கி ஒரு தட்டில் வைத்துச் சீர் என்று பேர் பண்ணிக்கொண்டார்கள்.

சொர்ணம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மோந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மெதுவாகக் குடித்தாள். குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. வெளியே செருப்புச் சத்தம் வந்து வாசலில் நின்றது. கதவைத் தட்டும் துணிச்சல் இரண்டு பேருக்கும் இல்லை.

"கொஞ்சம் பொறுங்க மச்சான். கோவத்துல இருக்கா" என்று கிசுகிசுத்தான் திரவியம்.

"எனக்குத் தெரியாதா மாப்ளே? சின்ன வயசுலயே அவ இப்பிடித்தான்" என்றான் சுயம்பு.

சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது, அடக்கவில்லை, நைட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள், எத்தனையோ காலமாக அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தூங்கி எழுந்த சுபிக்ஷா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா நிக்காவ. கூட வளையல் போட்ட ஒரு ஆளு நிக்காவ. யாரும்மா அது?"

"உங்க மாமன்."

"எதுக்கு வெளியவே நிக்காவ?"

சொர்ணம் மூக்கைச் சிந்தினாள், முகத்தைத் துடைத்தாள். "தோத்துட்டாவ. நாம கூப்பிட்டாத்தான் உள்ள வரணும்."

"கூப்பிடட்டா?"

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்றாள் சொர்ணம், பிள்ளையை இழுத்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டு.